பழைய சாக்ஸபோனா, புதியதா? நெல்லைச் சீமையிலிருந்து ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையிலோ நாங்குநேரியிலோ இருந்துகொண்டு நடுத்தர அளவுள்ள ஆல்டோ சாக்ஸபோன் தேடுகிறவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. சீனாவில் செய்த மலிவான புதுக் கருவி, யமஹா போன்ற பெயருள்ள புதுக் கருவி, இருபது முப்பது ஆண்டுகள் வாசிக்கப்பட்ட ஜப்பான் கருவி, அதற்கும் முந்திய தலைமுறையின் அமெரிக்க, பிரெஞ்சு, ஆங்கிலேயக் கருவி. கடைசியாகச் சொன்னதைத்தான் 'வின்டேஜ்' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். விலையை மட்டும் வைத்து இந்த நான்கையும் எடைபோட்டால் தவறான கருவிதான் வீட்டுக்கு வரும். நம் ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: காற்று கசிந்தால் யாரிடம் கொண்டுபோவீர்கள்?

1846-இல் பாரிஸில் அடோல்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்றதிலிருந்தே இந்தக் கருவி பாதி குழலும் பாதி இயந்திரமுமாகத்தான் இருந்துவருகிறது. ஆல்டோவில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றையும் மூட ஒரு கிண்ணம், அதற்குள் தோல் போர்த்திய ஒரு பேடு, அதை அசைக்க ஒரு கம்பி, கம்பியைத் திருப்பி இழுக்க ஓர் ஊசி ஸ்பிரிங். நாகஸ்வரத்தில் விரலே துளையை மூடிவிடுகிறது. சீவாளியை வாசிப்பவரே பார்த்துக்கொள்கிறார். சாக்ஸபோனில் மேலே உள்ள ஒரு பேடு தாள் கனத்துக்குத் தூக்கி நின்றால் போதும், அதற்குக் கீழே உள்ள சுரங்கள் அத்தனையும் பிசிறும். வாசிக்கிற பையன் தனக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொள்வான். வீட்டாரும் அப்படியே நினைப்பார்கள். கருவியின் கசிவால் கற்பதையே விட்டுவிட்ட பிள்ளைகள் உண்டு என்பதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம்.

பித்தளை வேலை தெரிந்த கைகளுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. குத்துவிளக்கும் பாத்திரமும் செய்கிறவர் பெல்லில், அதாவது கருவியின் அகன்ற வாயில், விழுந்த நசுங்கலை எடுத்துத் தருவார். ஆனால் துளையின் விளிம்பைச் சமன் பார்த்து, பேடை அரக்கு வைத்து ஒட்டி, உள்ளே விளக்கை விட்டுக் கசிவு தேடும் வேலை தனி வித்தை. அதற்கென்றே உட்கார்ந்திருப்பவரைப் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. பாத்திரம் பற்றவைக்கும் தீயைச் சாக்ஸபோனில் காட்டினால் மேல்பூச்சு கருகும்; பக்கத்தில் இருக்கும் தாங்கிகளும் கழன்று வரும். ஆகவே பழுதுபார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எதற்காக வாசிக்கப்போகிறீர்கள் என்பதும் தெளிவாக இருக்கட்டும். கல்யாண ஊர்வலம், கிறிஸ்துமஸ் பவனி, ஆலயத்தின் பொது விருந்தான அசன விழா, உவரி அந்தோணியார் கோவில் திருவிழா என்று பேண்டு செட்டோடு தெருவில் நடக்கிறவருக்கு உரத்த ஒலியும் அடிபட்டால் தாங்கும் உடம்பும் வேண்டும். ஆலயத்தில் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று கீர்த்தனை வாசிப்பவருக்குச் சுருதி துல்லியமாக இருக்க வேண்டும். மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட கருவியைக் கர்நாடக இசைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத்தின் (1949–2019) வழியில் போக நினைப்பவருக்கு, விரல் மெல்லத் தூக்கும்போதும் உதடு நெகிழும்போதும் சுரம் வழுக்கி இறங்கிக் கமகமாகக் கேட்கிற கருவி வேண்டும். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது.

மலிவான புதுக் கருவியை அடியோடு ஒதுக்கிவிட மாட்டேன். மீரட்டின் ஜலி கோட்டி பகுதி பேண்டு வாத்தியத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே செய்த டிரம்பெட்டை நம்பி வாங்கிப் பழகியவர்கள் மலிவுச் சாக்ஸபோனையும் அதே நம்பிக்கையில் வாங்கிவிடுகிறார்கள். டிரம்பெட்டில் இருப்பவை மூன்று வால்வுகள். சாக்ஸபோனில் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் பாகங்கள் ஏராளம். செய்யும்போது காட்டும் சிறு அலட்சியமும் அதில் பெருகிவிடும். மலிவுக் கருவிகளில் கீயின், அதாவது துளையை மூடித் திறக்க விரலால் அழுத்தும் பாகத்தின், உலோகம் மென்மையாக இருக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே வளையும். ஒரே பெயரில் வரும் இரண்டு கருவிகளில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று சுருதி விலகியும் இருக்கும். திரும்ப விற்கப்போனால் போட்ட பணத்தில் சிறு பகுதிதான் கிடைக்கும். பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்குமா என்று தெரியாத முதல் வருடத்துக்கு மட்டும், அனுபவமுள்ள ஒருவர் வாசித்துப் பார்த்துத் தேர்ந்து தந்தால், இதை வாங்கலாம்.

பெயருள்ள புதுக் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யமஹாவின் தொடக்கநிலை ஆல்டோவே ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. அந்தப் பணம் இருந்தால் வாங்கிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.

வின்டேஜ் எனும் ஆசை

நீண்டு பேச வேண்டியது இந்த வழியைப் பற்றித்தான், ஏனென்றால் இதில் அழகும் பொறியும் கலந்து கிடக்கின்றன. 1920கள், 30களில் அமெரிக்காவின் எல்க்ஹார்ட் நகரில் கான், பூஷர், மார்ட்டின் கம்பெனிகளும், கிளீவ்லாந்தில் கிங்கும் செய்த கருவிகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. அகன்று நிறைந்த ஒலி அவற்றுக்கு. பாரிஸ் செல்மரின் மார்க் சிக்ஸ், 1954-இல் வெளிவந்து 1970களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டது. இன்றைய சாக்ஸபோன்களின் கீ அமைப்பு பெரும்பாலும் அதைப் பார்த்து வந்ததுதான். நல்ல மார்க் சிக்ஸ் ஆல்டோவுக்குப் பல லட்சம் ரூபாய் கேட்பார்கள். அதை நம் பக்கத்துப் புழுதியிலும் மழையிலும் பவனிக்கு எடுத்துப்போக யாருக்கு மனம் வரும்?

விலை குறைவாகக் கண்ணில் படும் பழைய கருவிகளில் இரண்டு பெரிய கண்ணிகள் உண்டு. முதலாவது சி மெலடி. 1920களில் அமெரிக்க வீடுகளில் பியானோவோடு வாசிக்கவென்று லட்சக்கணக்கில் விற்ற கருவி இது. ஆல்டோவுக்கும் அதைவிடப் பெரிய டெனருக்கும் இடைப்பட்ட உருவம் என்பதால் படத்தில் பார்த்து ஆல்டோ என்று ஏமாறுவது எளிது. ஆல்டோவின் சுருதி ஈ-ஃபிளாட், டெனருடையது பி-ஃபிளாட்; இதனுடையதோ பெயருக்கேற்ப சி. பேண்டு செட்டில் சாக்ஸபோனுக்கென்று எழுதிய பாகம் எதுவும் இதற்குப் பொருந்தாது. இதற்கென்ற ரீடும் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) மவுத்பீஸும் (வாயில் வைத்து ஊதும் முனை) கிடைப்பது அரிது.

இரண்டாவது கண்ணி இந்தியாவில் தேடுகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. ஆங்கிலேய ராணுவப் பேண்டுகள் 1920களின் இறுதி வரை 'ஹை பிட்ச்' எனும் உயர்ந்த சுருதியில் வாசித்தன. ஏ சுரம் இன்று 440 ஹெர்ட்ஸ். அவர்களுக்கு அது ஏறத்தாழ 452. வித்தியாசம் கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. அமெரிக்கக் கருவிகளில் உடம்பில் எல் அல்லது எச் எழுத்து பொறித்திருக்கும். எல் என்றால் இன்றைய சுருதி, எச் என்றால் பழைய உயர் சுருதி. ஆங்கிலேயக் கருவியில் பெல்லில் உள்ள பெயரே துப்புக் கொடுக்கும். பூஸி அண்ட் கோ, ஹாக்ஸ் அண்ட் சன் ஆகிய இரு நிறுவனங்களும் 1930-இல் இணைந்துதான் பூஸி அண்ட் ஹாக்ஸ் ஆனது. பெல்லில் இரண்டில் ஒரு பெயர் மட்டும் தனியாக இருந்தால் அது அதற்கு முந்திய கருவி; உயர் சுருதியாக இருக்கலாம். சுருதி காட்டும் டியூனர் வைத்துச் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மவுத்பீஸை வெளியே இழுத்து வைத்தால் சுருதி இறங்கிவிடாதா என்று கேட்பார்கள். சில சுரங்கள் இறங்கும், சில இறங்காது. துளைகளின் இடைவெளியே குறுகிய குழலுக்கென்று கணக்கிடப்பட்டது. ஒரு முனையை நீட்டினால் சுரங்களுக்குள்ளேயே ஒற்றுமை குலையும். சுருதிப் பெட்டியை ஏற்றி வைத்துத் தவிலோடு மட்டும் வாசிக்கிறவர் இந்தக் கருவியை வைத்துச் சமாளிக்கலாம். கீபோர்டு உள்ள ஆலயத்தில் ஒரு பாட்டுக்கூட வாசிக்க முடியாது.

இவை இரண்டும் இல்லாத நல்ல கருவியே கிடைத்தாலும் பழுதுபார்க்கும் கேள்வி வந்து நிற்கும். கான் கம்பெனியின் பழைய கருவிகளில் துளையின் விளிம்பை வெளியே சுருட்டி விட்டிருப்பார்கள். பார்க்க அழகு, பேடும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அந்த விளிம்பு சமன் குலைந்தால் அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. உள்ளிருந்து தட்டி மெல்ல எடுக்க வேண்டும். பூஷரின் பழைய கருவிகளில் பேடை ஒட்டுவதற்குப் பதிலாக ஒரு பொத்தானால் மாட்டியிருப்பார்கள். அது தெரியாத கை அந்தப் பொத்தானைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாதாரணப் பேடு ஒட்டிவிட்டால் மதிப்பும் போகும், ஒலியும் மாறும்.

நம் தட்பவெப்பமும் பழைய கருவிக்குச் சாதகமாக இல்லை. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று முதலில் தின்பது எஃகு ஊசி ஸ்பிரிங்குகளைத்தான். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் பெட்டியை மூடியே வைத்தால் தோல் பேடு பூஞ்சை பிடித்து விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். அக்கினி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைத்தால் பேடைப் பிடித்திருக்கும் அரக்கு இளகிப் பேடு சாயும். புதுக் கருவிக்கும் இவை நேரும். ஆனால் அதற்கு ஸ்பிரிங்கும் பேடும் எளிதாகக் கிடைக்கும்.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவியின் விலைக்குச் சமமாக இன்னொரு தொகையைச் சீரமைப்புக்கு ஒதுக்க முடிந்தவரும், ஆண்டுக்கு ஒருமுறை பெருநகரத்துக்குக் கருவியைக் கொண்டுபோய் வர முடிந்தவரும் மட்டும் நெல்லையில் இருந்துகொண்டு வின்டேஜ் சாக்ஸபோன் வாங்கலாம். மற்ற எல்லோருக்கும் மூன்றாவது வழியான, வாசிக்கப்பட்ட ஜப்பான் கருவியே நல்லது.

யமஹா 1967-இலிருந்து சாக்ஸபோன் செய்கிறது. அதன் ஒய்ஏஎஸ்-23, 25, 275 போன்ற மாணவர் ஆல்டோக்கள் உலகெங்கும் பள்ளிப் பேண்டுகளில் உழைத்துத் தேர்ந்தவை. சுருதி நம்பகமானது, கீ உறுதியானது, பாகம் மாற்றுவது எளிது. பளபளப்பு போயிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். மேல்பூச்சு உரிந்த இடத்தால் ஒலி கெடுவதில்லை. விலை பேச வாய்ப்புக் கொடுக்கும் குறை அதுதான்.

வாங்கப்போகும்போது வெயில் குறைந்த பிறகு போங்கள், இருட்டறை வேண்டும். சிறிய எல்ஈடி விளக்குச் சரம் ஒன்றைக் குழலுக்குள் இறக்கி, கீகளை மெல்ல மூடிப் பாருங்கள். விளிம்பில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே காற்றும் போகும். அதன்பின் கடைசிக் கீழ்ச் சுரமான பி-ஃபிளாட்டை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். உரக்க ஊதினால் கசிவு மறைந்துவிடும். மெல்ல ஊதினால் மறைக்க முடியாது. மவுத்பீஸ் மாட்டும் வளைந்த மேல்குழாயான நெக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: வளைவு கீழே அழுந்தியிருந்தால், அல்லது வளைவின் அடியில் சுருக்கம் தெரிந்தால், யாரோ மவுத்பீஸை மாட்டும்போது நெக்கை அமுக்கி வளைத்திருக்கிறார்கள். கம்பிகளைக் குறுக்கே அசைத்துப் பாருங்கள், லொடலொடத்தால் தேய்மானம். வரிசை எண்ணும் பெல்லில் உள்ள செதுக்குவேலையும் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தால் கருவியைத் தேய்த்து மறுபூச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். தேய்க்கும்போது உலோகமும் குறைந்திருக்கும்.

இணையத்தில் வாங்குகிறவர், அன்றைய தேதியும் தன் பெயரும் எழுதிய தாளை வரிசை எண் பக்கத்தில் வைத்துப் படம் கேட்க வேண்டும். செல்மர், யமஹா பெயர் பொறித்த போலிகள் சந்தையில் இருக்கின்றன. படம் அனுப்பத் தயங்குகிறவருக்கு முன்பணம் அனுப்பவே கூடாது.

மவுத்பீஸில் கணக்கு மாறுகிறது

இதுவரை பழமைக்கு எதிராகப் பேசினேன். மவுத்பீஸுக்கு வந்தால் அதே அளவுகோல் என்னை எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறது. பேடு இல்லை, ஸ்பிரிங் இல்லை, கம்பி இல்லை. பழுதுபார்ப்பவர் எங்கே இருந்தாலும் கவலையில்லை. உள்ளங்கையில் அடங்கும் பொருள். கூரியரில் ஒரு சிறு பெட்டி. வாசிப்பவர் காதுக்கும் கேட்பவர் காதுக்கும் ஒலியை மாற்றிக் காட்டுவதில் கருவியின் உடம்பைவிட இதன் பங்கு அதிகம். பழமை மேல் உண்மையான பிரியம் உள்ளவர் அந்தப் பிரியத்தை இங்கே செலவிடலாம்.

ஆனால் முதல் மவுத்பீஸ் புதியதாக இருக்கட்டும். யமஹா 4சி முனைத் திறப்பு (ரீடுக்கும் மவுத்பீஸ் முனைக்கும் உள்ள இடைவெளி) 1.60 மில்லிமீட்டர், செல்மர் எஸ்80 வரிசையின் சி ஸ்டார் 1.70. இரண்டும் தொடக்க நிலைக்குச் சரியானவை. மலிவுச் சாக்ஸபோனோடு வரும் மவுத்பீஸைத் தூக்கி வைத்துவிட்டு இதை மாட்டினாலே அந்தக் கருவியின் பாதிக் குறை மறையும். ஓரிரு ஆண்டு வாசித்து, தன் உதடும் காதும் என்ன கேட்கின்றன என்று தெரிந்த பிறகு பழையதைத் தேடலாம்.

அப்போது கேள்விப்படும் பெயர்கள் சில. நியூயார்க்கில் செய்த மேயர் பிரதர்ஸின் கெட்டி ரப்பர் ஆல்டோ மவுத்பீஸ்கள் நடுத்தர அளவு உள் அறையும் தெளிந்த ஒலியும் கொண்டவை. ஓட்டோ லிங்க் நியூயார்க்கில் தொடங்கி, ஃபுளோரிடாவுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் எல்க்ஹார்ட்டின் பாபிட் கம்பெனி கைக்குப் போனது. எந்தக் காலத்தில் செய்தது என்பதைப் பொறுத்தே விலை. இவை தவிர பிரில்ஹார்ட், இங்கிலாந்தின் பெர்க் லார்சன், செல்மர் சோலோயிஸ்ட். கமகம் வாசிக்கிறவருக்கு உள் அறை பெரிதாக உள்ள கெட்டி ரப்பர் மவுத்பீஸைத்தான் பரிந்துரைப்பேன். சுரம் அதில் உதட்டுக்கு இணங்கி நெகிழும். ஊர்வலத்தில் டிரம்மோடு போட்டியிடுகிறவருக்குத் ரீடுக்கு எதிரே உள்ள உட்பரப்பு உயர்ந்த, அறை குறுகிய மவுத்பீஸ் வேண்டும். அதைப் பழையதாகத் தேடி அலைய வேண்டியதில்லை. குறுகிய அறை மவுத்பீஸை 1920களின் அகன்ற குழலில் மாட்டினால் சுருதி அலையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய மவுத்பீஸில் மதிப்பு முழுவதும் நாலு இடத்தில் இருக்கிறது: முனை, இரு பக்க ஓரங்கள், ரீடு படியும் தளம். அங்கே ஒரு சிறு சில்லு பெயர்ந்தாலும் ஒலி கெடும். மேலே பல் பதிந்த தடம் இருந்தால் பரவாயில்லை, ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம். ரப்பர் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருப்பது வெயில் பட்டதன் அடையாளம். வெந்நீரில் அதைக் கழுவக் கூடாது. நிறம் இன்னும் மாறும், கந்தக நாற்றம் கிளம்பும். ரீடைக் கட்டி, பின்துளையை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சி விட்டுப் பாருங்கள். ரீடு ஓரிரு நொடி ஒட்டி நின்று 'டப்' என்று விட்டால் ஓரங்கள் நேர்த்தியாக இருக்கின்றன. யாராவது முனைத் திறப்பைத் தேய்த்து மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல கையால் மாற்றியதாக இருந்தால் வாசிக்க இன்னும் சுகமாகக்கூட இருக்கும். சேகரிப்பவர் கொடுக்கும் விலை மட்டும் கிடைக்காது.

விற்பவருக்கு

தாத்தா வாசித்த கருவி பரணில் இருக்கிறது, அல்லது ஆலய அலமாரியில் பழைய பேண்டின் கருவி பூட்டிக்கிடக்கிறது என்றால் முதலில் அதைப் பளபளப்பாக்கும் எண்ணத்தை விடுங்கள். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்கு. சாக்ஸபோனில் போட்டால் மேல்பூச்சும் வெள்ளி முலாமும் போய், புளித்தண்ணீர் கம்பிகளுக்குள் இறங்கிக் கீகள் இறுகும். தூசியைத் துணியால் துடைத்தால் போதும்.

உள்ளூர்த் தரகர் பெரும்பாலும் பித்தளை எடைக்குச் சற்று மேலே ஒரு விலை சொல்வார். சாதாரண மாணவர் கருவிக்கு இன்னொரு பேண்டு செட்டிடம் நேரே விற்பது அதைவிட மேல். புரட்டாசியில் முகூர்த்தம் குறைவு, யாரும் வாங்கமாட்டார்கள். ஆவணியிலோ தையிலோ வேலை குவியும் நேரத்தில் காட்டினால் பேரம் உங்கள் பக்கம் சாயும். வாங்குபவர் இதையே திருப்பிப் போட்டுப் புரட்டாசியில் தேடலாம்.

செல்மர், கான், கிங் என்ற பெயர் இருந்தால் அவசரப்படாமல் வரிசை எண், நெக், பெல், கீழே உள்ள பேடுகள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, வெளியூரில் வாங்குபவரைத் தேடுங்கள். விற்பதற்கு முன் புதுப் பேடு போடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. மாணவர் கருவிக்குப் போடலாம். ஊதினால் ஒலிக்கிற கருவிதான் விலைபோகும். மதிப்புள்ள பழைய கருவியைத் தொடாமல், உள்ள குறையைச் சொல்லி, உள்ளபடியே விற்பது நல்லது. அதை வாங்குகிறவர் தனக்கு நம்பிக்கையான கையிடம்தான் சீரமைக்கக் கொடுப்பார். நீங்கள் செலவழித்ததைக் கணக்கில் சேர்க்க மாட்டார். ஆலயத்தின் சொத்து என்றால் சபைக் கமிட்டி தீர்மானமும் ரசீதும் இல்லாமல் வெளியே போகக் கூடாது.

பெட்டியில் கிடக்கும் மவுத்பீஸை எடுத்துத் தனியே பாருங்கள். கருவி சாதாரணமானதாக இருந்தும் மவுத்பீஸ் அரியதாக இருப்பது நடக்கக்கூடியதே. பெயரைப் படித்துவிட்டுத் தனியாக விலை கேளுங்கள். கருவியோடு ஒரு புது 4சி வைத்துக் கொடுத்துவிடலாம்.

அனுப்பும்போது நெக்கையும் மவுத்பீஸையும் கழற்றித் துணியில் சுற்றித் தனிப் பையில் வையுங்கள், பெல்லுக்குள் போடாதீர்கள். கீகள் ஆடாமல் இருக்கச் சிறு கார்க் துண்டுகளைச் செருகுங்கள். பெட்டிக்குள் பெட்டியாக வைத்து இடைவெளியைத் துணியால் நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அனுப்புவதானால் உள்பெட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம்.